கண்ணாடிப் பெட்டிக்குள் பதினாலு

“அக்கா, இந்த ஜெர்சி யாரோடது? அவங்க செத்துட்டாங்களா?”

கேட்டது, எங்கள் கல்லூரியில் அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். ஸ்போர்ட்ஸ் ரூம் வாசல் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் அரக்கு நிற பாஸ்கெட்பால் ஜெர்சி ஒன்றை விரித்து மாட்டியிருந்தார்கள். நெஞ்சில் மஞ்சள் நிறத்தில் பெரிதாகப் பதினாலு என்ற எண். கீழே பித்தளைத் தகட்டில் ஒரு பெயர். அதற்கும் கீழே, இந்த எண்ணை இனி இக்கல்லூரியில் யாரும் அணியமாட்டார்கள் என்று ஒரு வரி. பார்க்கிற யாருக்கும் மாலை போட்ட படம்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது.

பெட்டிக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: “இன்னும் இல்ல.”

புதுப் பெண் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்ததும் விஷயம் புரிந்து அவள் முகம் செத்துப்போனது. ஜெர்சிக்குச் சொந்தக்காரி எழுந்து, புடைத்திருந்த தழும்பின் மேல் முட்டிப்பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “நல்ல கேள்விதான். நானும் பி.டி. சார்கிட்ட அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்” என்றாள். பந்தை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள்.

அவள் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. தகட்டில் அடித்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

கேட்பதுதான் அவள் குணம். எல்லோரும்தான் கேட்கிறோம். ஆனால் எதிரில் இருப்பவர் தடுமாறினால் நாமே ஒரு பதிலை எடுத்துக் கொடுத்து அவரைக் கரையேற்றிவிடுவோம். அவள் அதைச் செய்யமாட்டாள். கேட்டுவிட்டுத் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். யாராவது மழுப்பினால், “அது பதில் இல்லையே” என்பாள். குரலில் கோபம் இருக்காது, கிண்டல் இருக்காது. பஸ்ஸுக்குக் காத்திருப்பது போலப் பதிலுக்குக் காத்திருப்பாள். 

அவர்கள் கோவில்பத்தில் குடியிருந்த கிறிஸ்தவக் குடும்பம். அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அம்மா நர்ஸ். மாதா கோயில் திருவிழாவில் சின்னத் தேரை ஆண்கள்தான் தோளில் தூக்குவார்கள். பத்தாவது படிக்கும்போது இவள் பங்குச் சாமியாரிடம் போய், “பொண்ணுங்க ஏன் ஃபாதர் தூக்கக் கூடாது?” என்று கேட்டாளாம். “கனமா இருக்கும்மா.” “எவ்வளவு கனம்?” அவருக்குத் தெரியவில்லை. “தூக்கிப் பாத்துட்டு வந்து சொல்லட்டுமா?” என்றாளாம். அவள் அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் மறுவருஷத் திருவிழாவில் பின்பக்கத் தண்டில் நான்கு பெண்கள் தோள் கொடுத்தார்கள் என்பதையும் விடாமல் சொல்வார்.

என் அப்பாவிடமும் அவள் கேட்டிருக்கிறாள். எங்கள் வீடு பூவம் கிராமத்தில். கொஞ்சம் நெல் வயல், அப்பாவுக்கு ஒரு கூட்டுறவுச் சங்க வேலை. இரண்டாம் ஆண்டில் புதுச்சேரியில் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி வந்தது. போனால் இரண்டு நாள் தங்க வேண்டும். அப்பா முடியாது என்றார். நான் அழுது தீர்த்துவிட்டு, டீமிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். மறுநாள் மத்தியானம் அவள் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அப்பா களத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அவரிடம் போனாள்.

“ஏன்ப்பா அனுப்ப மாட்டேங்கிறீங்க?”

“அது சரிப்படாதும்மா.”

“சரிப்படாதுன்னா என்னப்பா?”

“ஊருல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க.”

“அது அவங்க பதில். உங்க பதில் என்ன?”

என் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். அப்பாவிடம் எங்கள் வீட்டில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. அவர் நெல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். அவளும் நின்றாள். நல்ல வெயில். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, போதும் போய்விடு என்று மனசுக்குள் அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கடைசியில் அப்பா ரொம்பச் சின்னக் குரலில் சொன்னார்: “பயமா இருக்கும்மா.”

“எனக்கும்தான்ப்பா பயம். அதான் துணைக்கு அவளக் கூப்புடுறேன்” என்றாள் அவள்.

அப்பா என்னை அனுப்பிவிட்டார்.

அந்தப் போட்டியில்தான் அவள் முட்டி போனது.

எங்கள் பி.டி. சார் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உடற்கல்வித் துறையில் அவர் ஒருவர்தான். வலை கிழிந்தால் அவரே பின்னுவார். கடல் காற்றில் ரிங் துருப்பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து அவரே பெயிண்ட் அடிப்பார். அவருக்கும் கோவில்பத்துதான். மழைக்காலத்தில் அவளைத் தன் பைக்கிலேயே வீட்டில் இறக்கிவிட்டுப் போவார். எங்கள் கல்லூரிப் பெண்கள் அணி எந்த ஊரிலும் கோப்பை வாங்கியதில்லை. அவள் வந்த பிறகுதான் அவருக்கு அந்த ஆசையே வந்தது என்று நினைக்கிறேன். ரிங்குக்குக் கீழே அவள் இருந்தால் திரும்பி வருகிற பந்து எங்களுக்குத்தான். இரண்டு பேர் அணைத்துப் பிடித்தாலும் அவர்களுக்கு நடுவிலிருந்து ஒரு கை மேலே வரும்.

அரையிறுதியில் யாரோ இடித்ததில் அவள் முட்டி வீங்கிவிட்டது. மறுநாள் காலை, இறுதி ஆட்டத்துக்கு முன்னால், பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டிச்சில்லு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. சார் குனிந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்தாள்.

“ஆடலாமா சார்?”

அவர் நிமிர்ந்தார். எதிர் அணி பந்து போட்டுப் பழகிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். மேசை மேல் வைத்திருந்த கோப்பையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், “ஆடலாம்” என்றார்.

மூன்றாவது குவார்ட்டரில், ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்துக்கு எம்பி இறங்கினாள். ஈர விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற எனக்கு அது அவள் உடம்பிலிருந்து வந்தது என்று புரியவே நேரமாயிற்று. அவள் கத்தவில்லை. பந்தை மட்டும் விடாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கிடந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் மிச்ச ஆட்டத்தை ஆடி ஜெயித்தோம். வேனில் திரும்பும்போது அந்தக் கோப்பையைக் கையில் வைத்துக்கொள்ள யாருக்கும் மனசு வரவில்லை. அது கால்மாட்டில் உருண்டுகொண்டே வந்தது.

ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. நான் பார்க்கப் போயிருந்த அன்று சாரும் வந்திருந்தார். கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். அவளுடைய அம்மா ஜன்னலோரம் நின்றார்.

“சார், அன்னைக்கி ஆடலாம்னு ஏன் சொன்னீங்க?”

சார் சுளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, நாரெல்லாம் எடுத்து, தட்டில் வைத்தார்.

“மொதல்ல ஒடம்பு தேறட்டும்மா.”

“அது பதில் இல்லையே சார்.”

அவள் தலையணையிலேயே தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். அவள் அம்மா திரும்பி அவரையே பார்த்தார். நர்ஸ் வேலை பார்ப்பவர், வீங்கிய முட்டியோடு ஆடவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.  சார் கடைசிச் சுளையையும் தட்டில் வைத்தார். கைக்குட்டையில் விரல்களைத் துடைத்தார். எழுந்து, “வர்றேம்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஆரஞ்சை யாரும் தொடவில்லை.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் அந்த அறிவிப்பு வந்தது. அமெரிக்காவில் கல்லூரி அணிகளில் பெரிய ஆட்டக்காரர்களுடைய ஜெர்சி எண்ணை ரிட்டயர் செய்துவிடுவார்களாம். வேறு யாருக்கும் கொடுக்காமல், அரங்கத்தில் உயரத்தில் தொங்கவிடுவார்களாம். சார் அதை போனில் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். “நம்ம பக்கத்துல எந்தக் காலேஜும் இத பண்ணினதில்ல. நாம பண்றோம்” என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. பிரின்சிபாலைச் சம்மதிக்க வைத்து, தச்சரை அழைத்துப் பெட்டி செய்யச் சொல்லி, எல்லாவற்றுக்கும் அவரே அலைந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் அம்மா சிரித்துவிட்டார். “இருவது வயசுல ரிட்டயர்மெண்டா? எனக்கே இன்னும் வரலையேடி.” சிரித்துக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

விழாவன்று அவள் ஊன்றுகோலோடு மேடையேறினாள். பொன்னாடை போர்த்தினார்கள். பிரின்சிபால் நீளமாகப் பேசினார். சார் பேச எழுந்து, பாதியில் உட்கார்ந்துவிட்டார். உண்மையாகத்தான் அழுதார். கண்ணாடிப் பெட்டியின் மேல் போட்டிருந்த துணியை விலக்கினார்கள். கைதட்டல் அடங்கவே இல்லை. அவளிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

அவள் சாரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: “சார், கால் சரியான பெறகு நான் எந்த நம்பர் போட்டு ஆடறது?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிரின்சிபாலும் சிரித்தார். சார் சிரிக்க முயற்சி செய்தார், முடியவில்லை. அவள் மட்டும் மைக்கைப் பிடித்தபடி தலையைச் சாய்த்து நின்றாள். சிரிப்பு அடங்கியது. அவள் இன்னும் நின்றாள். கூட்டத்தில் ஒரு சங்கடமான அசைவு பரவியது. யாரோ ஓடிவந்து அவள் கையிலிருந்து மைக்கை வாங்கி, நாட்டுப்பண் என்று அறிவித்துவிட்டார்கள்.

பட்டப்படிப்பு முடிந்து நாங்கள் இருவரும் அதே கல்லூரியில் எம்.காம். சேர்ந்தோம். அதற்குள் அவள் நடந்து, மெதுவாக ஓடி, ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுகிற அளவுக்கு வந்திருந்தாள். ஆபரேஷன் செய்த டாக்டர் பார்த்துவிட்டு ஆடலாம் என்றார். ஆனால் ‘ஆடலாம்’ என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் நம்பத் தயாராக இல்லை.

“ஆடினா என்னம்மா ஆவும்?” என்று அம்மாவிடம் கேட்டாள். நான் அப்போது அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“மறுபடி கிழிஞ்சா ஆயுசுக்கும் நொண்டணும்டி.”

“ஆடலன்னா?”

அம்மா குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“ஆடலன்னா... யாரோ ஒரு பொண்ணு வாடகைக்கு இருக்குற மாதிரி இருக்குடி இந்த வீட்டுல.”

மறுநாளிலிருந்து அவள் கோர்ட்டுக்கு வரத் தொடங்கினாள். அப்போது நான் கேப்டன். சார் அவளைத் தடுக்கவில்லை, டீமிலும் சேர்க்கவில்லை. நாங்கள் ஒரு பக்கம் ஆடுவோம், அவள் எதிர்ப்பக்க ரிங்கில் தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருப்பாள். அவள் எம்பும்போதெல்லாம் சார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவள் கால் தரையில் படுகிற சத்தம் கேட்ட பிறகுதான் எங்கள் பக்கம் பார்த்து விசில் ஊதுவார். இதை நான் கவனித்துவிட்டேன். அதன் பிறகு அவள் எம்பினால் நானும் அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்கத் தொடங்கினேன்.

போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நேரம் வந்தபோது அவள் நேராகக் கேட்டாள். சார் அந்தப் பெட்டியைக் காட்டினார்.

“ஒனக்கு இந்தக் காலேஜ்ல எவ்வளவு பெரிய மரியாத பண்ணி வச்சிருக்கோம். நீ மறுபடி எறங்கி, ரெண்டு நிமிஷத்துல விழுந்து வச்சேன்னா, அந்தச் சட்டைக்கு என்னம்மா அர்த்தம்?”

“சட்டைக்கு அர்த்தம் இருக்கணும்னு நான் ஆடாம இருக்கணுமா சார்?”

அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். பெயர்ப் பட்டியலில் அவள் இல்லை.

போட்டி எங்கள் ஊரிலேயே, எங்கள் கோர்ட்டிலேயே நடந்தது. அரையிறுதி வரை வந்துவிட்டோம். அன்று காலை எங்கள் அணியில் இருந்ததிலேயே உயரமான பெண்ணின் வீட்டிலிருந்து போன் வந்தது. அவளுக்கு அம்மை போட்டிருக்கிறது. வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். ரிங்குக்குக் கீழே நிற்க எங்களுக்கு ஆள் இல்லை. எதிர் அணியில் மூன்று பேர் பனைமரம் மாதிரி இருந்தார்கள்.

நான் சாரிடம் ஓடினேன். “சார், அவளச் சேத்துக்குவோம். மேட்ச் ஆரம்பிக்கிறதுக்குள்ள பேர மாத்தலாம்ல?”

“ஜெர்சிக்கு எங்க போறது?” என்றார். அதுவும் உண்மைதான். அம்மை போட்ட பெண் தன் ஜெர்சியைத் துவைக்க வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். அம்மை போட்ட வீட்டிலிருந்து துணியைக் கேட்டு வாங்க முடியாது. வேறு உதிரி ஜெர்சி இல்லை. அதே நிறத்தில் ஊரில் இன்னும் ஒன்றுதான் இருந்தது.

அவர் பெட்டியைப் பார்த்ததை நான் பார்த்தேன். பார்த்த கையோடு தலையை ஆட்டினார். “அது ரிட்டயர் ஆன நம்பர். ஊரைக் கூட்டி சொன்னது. தொறக்க முடியாது.”

“ரிட்டயர் ஆனது நம்பரா சார், நானா?”

அவள் வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. வெளியே எதிர் அணி பந்து தட்டுகிற சத்தம் சுவரில் அதிர்ந்தது. சார் மேசை மேலிருந்த சாமான்களை இடம் மாற்றி மாற்றி வைத்தார். அவள் தலையைச் சாய்த்தாள்.  ஸ்கோர் மேசையிலிருந்து எங்கள் கல்லூரிப் பெயரைச் சொல்லி மைக்கில் கூப்பிட்டார்கள். யாரும் அசையவில்லை.

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“எனக்கு அந்தக் கப்பு வேணும்னு இருந்திச்சும்மா. முட்டிய அமுக்கினப்பவே எனக்குத் தெரியும். ஆடக் கூடாதுன்னு தெரிஞ்சுதான் ஆடலாம்னு சொன்னேன்.”

நான் அவளைப் பார்க்கப் பயந்துகொண்டு தரையைப் பார்த்தேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன், அல்லது அழுவாள் என்று. அவள் நெடுமூச்சு விட்டது மட்டும் கேட்டது. சுமையை இறக்கி வைத்தவர்கள் விடுவார்களே, அந்த மாதிரி.

“சரிங்க சார்” என்றாள். “இப்ப கேக்குறேன். ஆடலாமா?”

“தெரியலம்மா. சத்தியமா எனக்குத் தெரியல.”

“எனக்கும் தெரியாது சார். டாக்டருக்கும் முழுசா தெரியாது. பெட்டியத் தொறங்க.”

அவர் சாவிக்கொத்தை எடுத்தார். பூட்டு கடல் காற்றில் இறுகிப்போயிருந்தது, சாவி திரும்பவில்லை. வெளியே இரண்டாம் முறை அழைத்தார்கள். சார் பூட்டைப் பிடித்து ஆத்திரத்தோடு இழுத்தார். பூட்டு திறக்கவில்லை. ஆணிகள் பிடுங்கிக்கொண்டு, சுண்ணாம்பு உதிர, பெட்டி முழுசாகச் சுவரிலிருந்து பெயர்ந்து அவர் மார்பில் வந்து சாய்ந்தது. குழந்தையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, “எடு, எடு, சீக்கிரம்” என்றார். பின்பலகை விலகியிருந்த சந்து வழியாக அவள் கையை விட்டு ஜெர்சியை உருவினாள். அந்துருண்டை வாடை அடித்தது. குத்தியிருந்த ஊசிகளால் தோள்பட்டை இரண்டிலும் ஓட்டைகள். அவள் உதறி, டி-ஷர்ட்டுக்கு மேலேயே போட்டுக்கொண்டாள்.

நான் ஸ்கோர் மேசைக்கு ஓடி அவள் பெயரைச் சொன்னேன். எண் என்ன என்று கேட்டார்கள். பதினாலு என்றேன்.

முதல் இரண்டு குவார்ட்டரும் சார் அவளை பெஞ்சிலிருந்து எழுப்பவில்லை. நாங்கள் பின்தங்கிக்கொண்டே போனோம். இடைவேளையில் திரும்பிப் பார்த்தால் அவள் அம்மா நர்ஸ் உடையோடு பார்வையாளர் கேலரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். டூட்டியிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. மகளைப் பார்த்தார். மகள் போட்டிருந்த ஜெர்சியைப் பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூன்றாவது குவார்ட்டர் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சார் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் பழைய ஆட்டக்காரி இல்லை. முதலில் கிடைத்த பந்தைத் தவறவிட்டாள். அடுத்ததை ரிங்கில் பட்டும் படாமலும் வீணாக்கினாள். எதிர் அணிக்காரிகள் முட்டிப்பட்டையைக் கவனித்துவிட்டார்கள். வேண்டுமென்றே அவள் இருக்கிற பக்கமாகவே பந்தைக் கொண்டுவந்து மோதினார்கள். ஒவ்வொரு மோதலிலும் கேலரியில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. நான் ஆட்டத்தைப் பார்ப்பதா அவள் காலைப் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டு பாஸை விட்டேன்.

கடைசிக் குவார்ட்டரில் எங்கள் பந்து ரிங்கில் பட்டுத் திரும்பியது. அவள் எம்பினாள். அவளோடு எதிர் அணியில் இரண்டு பேர் எம்பினார்கள். மூன்று பேருக்கும் மேலே அந்தக் கை போனதை நான் பார்த்தேன். பிறகு மூன்று பேரும் மொத்தமாக விழுந்தார்கள். அவள் அடியில் இருந்தாள்.

விசில். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. மேலே கிடந்தவர்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து விலகினார்கள். அவள் எழவில்லை. ஆபரேஷன் ஆன கால் மடங்கி உடம்புக்கு அடியில் கிடந்தது. சார் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிவந்துவிட்டார். ரெஃப்ரி கூப்பிடாமல் உள்ளே வரக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு நினைவில்லை. அவள் அம்மா கம்பிக்குக் கீழே குனிந்து நுழைந்துகொண்டிருந்தார். நான் அவள் பக்கத்தில் மண்டியிட்டேன். அவள் வயிற்றோடு பந்தை அணைத்திருந்தாள். கண் மூடியிருந்தது. உதடு அசைந்தது.

“என்னடி? வலிக்குதா? என்னடி?”

அவள் கண்ணைத் திறந்து என்னைத் தாண்டி ரெஃப்ரியைப் பார்த்தாள்.

“சார், பந்து யாருக்கு?”

ரெஃப்ரி ஒரு நொடி முழித்தார். பிறகு எங்கள் பக்கம் கையைக் காட்டினார். அவள் மடங்கிய காலை மெதுவாக வெளியே எடுத்தாள், நீட்டினாள், மடக்கினாள், மறுபடி நீட்டினாள். கையை ஊன்றி எழுந்து நின்றாள். சார் நடு கோர்ட்டில் நின்றுகொண்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். ரெஃப்ரி அவரைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விட வேண்டியிருந்தது.

அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். கடைசி வரை ஆடினாள், ஒரே ஒரு பாஸ்கெட் போட்டாள், தோற்றோம். காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. முடிந்ததும் ஜெர்சியைக் கழற்றி, மற்ற ஜெர்சிகளோடு துவைக்கிற மூட்டையில் போட்டாள். சார் தயங்கித் தயங்கி வந்து, “பெட்டிய ரிப்பேர் பண்ணி மறுபடி மாட்டிரலாம்மா” என்றார்.

“எதுக்கு சார்? இந்த வேர்வையோட உள்ள வச்சா நாறிப்போவும்” என்றாள்.

அவர் சிரித்தார். பெட்டி மறுபடி சுவரேறவில்லை.

எம்.காம். முடித்ததும் அவளுக்குத் திருச்சியில் ஒரு பேங்கில் வேலை கிடைத்தது. நான் இங்கேயே இருக்கிறேன். அடுத்த ஆண்டு கல்லூரியில் போட்டி நடந்தபோது அவள் லீவில் வந்திருந்தாள். இருவரும் கேலரியில் உட்கார்ந்து பார்த்தோம். பதினாலாம் நம்பரைக் கருக்களாச்சேரியிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் போட்டிருந்தாள். மீனவர் வீட்டுப் பெண், ஒல்லி, தோள்பட்டை ஓட்டைகளை யாரோ மஞ்சள் நூலில் தைத்துக் கொடுத்திருந்தார்கள். அந்த ஜெர்சியின் கதை அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

ஆட்டம் தொடங்கிய சூட்டிலேயே எதிர் அணிக்காரி ஒருத்தி அந்தப் பெண்ணின் கையிலிருந்த பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அந்தப் பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் படக்கென்று எழுந்து, கோர்ட் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

“ஏ பதினாலு! ஏன் நின்னுட்ட? ஓடு!”